இரண்டு கொத்து நேரம்

பல்கலைக்கழகப் போட்டிக்கு இன்னும் இரண்டே ராத்திரி.
நாகமலை அடிவாரத்து அரங்கில்
தலைப்பை மேடையில்தான் தருவார்கள்.
யோசிக்க ஒரு நிமிடம். பேச மூன்று.
இரண்டரையில் ஒரு மணி, மூன்றில் இன்னொன்று,
அதற்குமேல் இழுத்தால் மதிப்பெண் போகும்
என்கிறது ரெஜினா மிஸ் தந்த தாள்.

எங்கள் கடையில் மணி கிடையாது.
ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம்,
நாலு பெஞ்சு, ஒரு கல்,
கல்லுக்கு முன்னால் அம்மா.
முட்டை ஊற்றி, சால்னா தெளித்து
இரண்டு தகரத்தையும் அவள் கையில் எடுத்தால்
ஒரு கொத்து பரோட்டா முடிய ஒன்றரை நிமிடம்.
கைபேசியில் மூன்று தடவை அளந்தேன்,
நொடி பிசகவில்லை.
ஆகவே என் பேச்சின் நீளம்
இரண்டு கொத்து.

கல்லாவில் உட்கார்ந்து பேசுகிறேன்.
மீதிச் சில்லறை எண்ணிக்கொண்டே பேசுகிறேன்.
'ரெஸ்பெக்டட் ஜட்ஜஸ்' என்று நான் தொடங்கியதும்
பார்சலுக்கு நின்ற ஒருவர்
யாரோ வந்துவிட்டார்களென்று திரும்பிப் பார்த்து
லேசாக வழிவிட்டார்.

இஸட் எனக்கு வராது.
ஜீரோ என்கிறேன், ஜீப்ரா என்கிறேன்,
அது இல்லை என்கிறார் மிஸ்;
பல்லுக்குள் ஒரு தேனீயை அடைத்ததுபோல் அதிர வேண்டுமாம்.
இருபது வருசமாய் 'வாளப்பளம்' என்று கேட்டுத்தான்
வாங்கித் தின்கிறேன்.
ஒரு பழக்கடைக்காரரும் திருத்தியதில்லை.

மிஸ் எழுதிக் கொடுத்த சீட்டுகள் தீர்ந்துவிட்டன.
நெகிழி இல்லாத உலகம்,
சமூக ஊடகம் வரமா சாபமா,
நான் கல்வி அமைச்சரானால்.
கல்வி அமைச்சராக மட்டும் நாலு முறை இருந்தேன்.
பிறகு சாப்பிட வருகிறவர்களிடம் கேட்க ஆரம்பித்தேன்:
"அண்ணே, ஒரு தலைப்பு சொல்லுங்க."

லோடு ஆட்டோ ஜெயபாண்டி, "வண்டிக்கு எஃப்.சி. காட்டுறது."
கம்ப்ரசர் கடை நாகூர்கனி
கை கழுவப் போனவர் திரும்பி வந்து, "தூக்கம்."
தேனி வண்டி கண்டக்டர், "ரெண்டு ரூபா சில்லறை."
சில்லறையைப் பற்றி நன்றாகவே பேசினேன்.
கைதட்டினார்கள்.
ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் கைதட்டும் பழக்கம்
நடுவர்களுக்கும் இருக்கட்டுமென்று வேண்டிக்கொண்டேன்.

நேற்று பத்தே முக்காலுக்கு
திருப்பூர் வண்டிக்குக் காத்திருந்த ஒரு பையன்,
தோள்பையைக் கூடக் கழற்றாதவன்,
ஆம்லெட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னான்:
"இந்தக் கடை."

ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும்.
யோசிக்கவில்லை.

ஆங்கிலத்தில்தான் சொன்னேன்.
தகரச் சத்தத்தில் அம்மாவுக்கு வலது காது மந்தம்.
எத்தனை முறை அலசினாலும் என் சுடிதாரில் சோம்பு வாசம்.
வகுப்பில் நான் ஜன்னலோரம் உட்காருவது
காற்றுக்காக இல்லை.
படிப்பு முடிந்தால் சென்னையோ, அதற்கும் அப்பாலோ,
இந்தக் கல்லாவுக்குத் திரும்ப மாட்டேன்.
இரண்டு வருடமாய்த் தமிழில் தொண்டை வரை வந்து
திரும்பிப் போனதெல்லாம்
இலக்கணம் பிசகாமல் வந்தது.
'ரீசன்' என்ற சொல்லின் நடுவில்
அந்தத் தேனீ தானாக வந்து உட்கார்ந்தது.

நிறுத்தினேன்.
யாரும் கைதட்டவில்லை. புரிந்துவிட்டதா,
தலைப்பு சின்னதாகப் போய்விட்டதா, தெரியவில்லை.
கல்லில் இரண்டாவது கொத்து
பாதியில் புகைந்துகொண்டிருந்தது.

அம்மா திரும்பவில்லை.
"இன்னும் அரை நிமிசம் கெடக்கு," என்றாள்.
"முடிச்சிட்டுப் போ."

தகரத்தை மறுபடி எடுத்தாள்.
அந்த அரை நிமிடம்
என் கைபேசியில்
ஒரு நிமிடம் நாற்பது நொடி ஓடியது.